உன் டேப்பில் மெதுவாகப் பாடியவள்

என் ஆசை மச்சானுக்கு,

காவலூரிலிருந்து நான்தான் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை உன் முதல் வருஷப் படையல் முடிந்தது. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, உன் பீடிக்கட்டு எல்லாம் வைத்தோம். சாப்பாட்டில் குறை இருந்தால் உன் பொண்டாட்டியைக் கேட்டுக்கொள். பாட்டில் நடந்த குளறுபடிக்கு மட்டும் நான்தான் பொறுப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம்மூர் வானாய்வகத்துக்கு நட்சத்திரம் பார்க்க வந்த அந்த வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, அங்கே ஜீப் ஓட்டிய உனக்கு ஒரு சின்ன டேப் ரெக்கார்டரையும் அதற்குள் கிடந்த கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடுகிற ‘சோல்’ பாட்டு என்று சொன்னாராம். உறை கூடக் கிடையாது. பத்துப் பாட்டு. சினிமாப் பாட்டுக்கு ரேடியோ இருந்ததால் நீ வேறு கேசட்டே வாங்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஆல்பம்! உனக்குப் பைத்தியம் என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

சொன்னேனே தவிர, எனக்கும் பிடிக்கும். முக்கியமாக இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. முதலில் ஆர்கன் மட்டும் வரும். பிறகு அந்தக் குரல் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும், டிரம் அதற்காகக் காத்திருக்கும். பின்னால் நாலைந்து பெண்கள், எழவு வீட்டில் ஒருத்தி சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற மாதிரி, பதில் கொடுப்பார்கள். நமக்கு ஒரு வார்த்தை புரியாது. “புரிய இன்னாடா கீது? எதையோ பறிகுடுத்துட்டுப் பாடுறாங்க, அவ்ளோதான்” என்பாய்.

அடுப்படியிலிருந்து என் தங்கச்சி வள்ளி, “அந்த ஆளு இன்னிக்கும் அழுவ ஆரம்பிச்சிட்டாரா?” என்று கேட்பாள். நீ சிரிப்பாய். ஒரு நாளும் அவளைத் திருத்தியதில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். டேப் வந்த முதல் வாரம், நீ மட்டும்தான் அதைக் கேட்டிருந்தாய்; நீ டூட்டிக்குப் போயிருந்த நேரம், உள்ளே என்னதான் சுற்றுகிறது என்று பார்க்க அதைத் திறந்தேன். திறந்தவன் சும்மா இருந்தேனா? மோட்டாரைச் சுற்றியிருந்த ரப்பர் பெல்ட்டை விரலால் இழுத்தேன், அறுந்துவிட்டது. பயந்துபோய் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் நறுக்கி மாட்டி மூடிவிட்டேன். ஓடியது. ஆனால் மெதுவாக ஓடியது.

சாயங்காலம் நீ போட்டுக் கேட்டாய். “இன்னாடா, குரலு கனத்துப் போச்சே?”

“மலைக்குளிரு மச்சான். டேப்பு இறுகிக்கும்” என்றேன்.

“அப்டியா” என்றாய். அதோடு விட்டுவிட்டாய். நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

படையலன்று பிடித்ததையெல்லாம் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நீ வந்து சாப்பிடுவதற்காக வெளியே காத்திருப்போம் அல்லவா? “உள்ள அவரு பாட்டு ஓடணும். இல்லன்னா வரமாட்டாரு” என்று வள்ளி பிடிவாதமாக நின்றாள். டேப்பைப் போட்டால் ஓடவில்லை. உன் மகள் திவ்யா கேசட் மேல் இங்கிலீஷில் இருந்த, நமக்குப் படிக்கத் தெரியாத பெயரைப் பார்த்து, அதே ஆல்பத்தைப் போனில் தேடி எடுத்துப் போட்டாள்.

மச்சான், அது பெண் குரல்! அவள் அழவே இல்லை. யாரையோ எதிரில் நிற்க வைத்து நியாயம் கேட்கிறாள். கைதட்டலும் டிரம்மும் அவள் பின்னால் ஓடி வருகின்றன, அவள் யாருக்காகவும் நிற்பதில்லை. இருபது வருஷம் நான் கேட்டது இதையா என்று ஆகிவிட்டது.

“யாரு இந்தப் பொம்பள? நிறுத்து” என்றாள் வள்ளி.

“அம்மா, இதான்மா ஒரிஜினலு.”

“இன்னாவோ இருக்கட்டும். தெரியாத பொம்பள உள்ள பாடுனா, வேற யாரு வூடோன்னு அவரு திரும்பிப் போய்டுவாரு.”

இலை போட்டாகிவிட்டது, குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. டியூப் வளையம் இற்றுப்போயிருக்கும் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்? டேப்பைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் திறந்தேன். கூடவே பேட்டரிப் பெட்டி மூடியும் கழன்று வந்தது. எப்போதும் கரண்டில் ஓட்டியதால் அதற்குள் யாரும் பார்த்ததில்லை. உள்ளே மடித்து வைத்த, கண்ணாடி மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். திருப்பத்தூர் ரேடியோக் கடையின் சீல். மேலே நம் டேப்பின் மாடல் நம்பர், உன் கையெழுத்தில். உள்ளே புது பெல்ட். கவர் பழுப்பேறியிருந்தது, பிரிக்கப்படவே இல்லை.

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. திறந்து பார்த்திருக்கிறாய், பெல்ட்டும் வாங்கி வந்திருக்கிறாய். பிறகு ஏன் மாட்டவில்லை? நான் வெட்கப்படுவேன் என்றா? இல்லை, அந்தக் கனத்த குரல்தான் பிடித்துப்போய்விட்டதா? ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாமே, படுபாவி!

வள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அட கடவுளே, ஒரு பொம்பளையவா இத்தினி வருசமா ஆளு ஆளுன்னுகினு இருந்தேன்? அவருக்கும் தெரியுமா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. எதை மாட்டட்டும் என்று கேட்டேன்.

“டியூபையே போடுண்ணா. வாங்கியாந்தவரே போட்டுக்கல. நாம ஏன் போடணும்?”

புதிதாக ஒரு வளையம் நறுக்கி மாட்டினேன். கேசட் சுற்றியது. கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்றோம். உள்ளேயிருந்து அந்தக் கனத்த குரல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. “வந்துட்டாரு” என்றாள் வள்ளி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு. நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

மறுநாள் அவளே திவ்யாவைக் கூப்பிட்டு, “அந்தப் பொம்பள பாட்ட வைடி” என்றாள். பத்துப் பாட்டையும் முழுசாகக் கேட்டாள். “சரியான கோவக்காரி. எனக்குப் புடிச்சிருக்குது” என்றாள். இப்போது புளி தட்டும்போதெல்லாம் போனில் அந்தக் கோவக்காரிதான் பாடுகிறாள்.

பெல்ட்டை நீ வைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன் மச்சான். நான் இருக்கும்வரை அந்தக் கவரை யாரும் பிரிக்க மாட்டார்கள். வருஷா வருஷம் டியூப் நறுக்கி மாட்டுவது என் வேலை. குரல் ஏன் கனத்திருக்கிறது என்று யாராவது கேட்டால், இனிமேல் குளிர் மேல் பழி போட மாட்டேன். “நான்தான் கெடுத்தேன், என் மச்சான் தெரிஞ்சே வுட்டுட்டான்” என்று சொல்வேன்.

உன் வள்ளியின் அண்ணன்,
உன்னிடம் ஒரே ஒரு பொய் சொன்ன மச்சான்,
குப்பன்