டிவி ஓரத்துல ஓடுற கவிக்கு

திருவண்ணாமலை
புதன்கிழமை மத்தியானம்

அன்புள்ள கவிநிலாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்னும் இல்லாம இருக்கோம், நீ அங்க ஷில்லாங் குளிர்ல சளி கிளி புடிக்காம வேளைக்குச் சாப்ட்டு நல்லா இருக்கியா, வேற எதுக்கும் பதில் போடலன்னாலும் இதுக்கு மட்டுமாவது போடு. பத்து நாளா நீ என் போனை எடுக்கல, மெசேஜ் போட்டா ஒத்த டிக்கோட நிக்குது, அதான் நீ வேலை பாக்கற ஸ்கூல் அட்ரஸுக்கே ஸ்பீடு போஸ்ட்ல இத அனுப்புறேன். பேப்பர்ல எழுதி வருசக்கணக்காச்சுடி. இ-சேவை மையத்துல நாள் பூரா அடுத்தவங்க அப்ளிகேஷனைத் தட்டித் தட்டி என் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி ஆயிடுச்சு, பொறுத்துப் படி. போன்ல எழுதினா பாதியில ரெண்டு அழுவுற பொம்மையப் போட்டு அனுப்பிட்டுப் போயிடுவேன், இதுல அது முடியாது, மனசுல இருக்கறத எழுதித்தான் ஆவணும். அப்பாவுக்கு வேன் ஓட்டம் இந்த மாசம் ஜாஸ்தி, கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை புடுங்கிட்டாங்க, தெனம் லோடு இருக்குது. சித்தி உனக்குனு ஒரு பை கடலை காய வச்சுத் தனியா எடுத்து வச்சிருக்கா, கவி எப்ப வருவானு கேக்கறா, நான் என்ன சொல்றது.

நீ அப்பாவோட போனுக்கு மட்டும் கூப்ட்டு சொன்னத அப்பா என்கிட்ட சொல்லிட்டார். மறைக்கணும்னு தான் பாத்தார், ஆனா அவருக்கு அது வராது, சோத்தைப் பெசஞ்சுகினே இருந்தார், வாய்ல வைக்கல, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை மேட்சுக்குக் கொடி புடிக்க வர முடியாதுனு எழுதிக் குடுக்கப் போறேன்னு சொன்னியாம். அப்புறம், அம்மாவ இனிமே என் மேட்ச பாக்க வேணாம்னு சொல்லுங்கனு சொன்னியாம். மொதல் விஷயத்தக் கேட்டு எனக்குக் கோவம் வந்துச்சு. ரெண்டாவதக் கேட்டு எனக்கு ஒன்னும் வரல, எழுந்து போய் அடுப்ப அணைச்சேன், அடுப்பு ஏற்கெனவே அணைஞ்சு தான் இருந்துச்சு. நீ சொன்னது நியாயம் தான், நான் பண்ணது அப்படி. ஆனா அது எப்படி ஆச்சுனு உனக்கு முழுசா தெரியாது, அத மட்டும் கேளு.

உனக்கு புட்பால் லீக்ல கொடி புடிக்கற லைன் ரெஃப்ரியா வேலை வந்த அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன், இந்தப் பழைய பெட்டி வேணாம், ஹெச்டி போட்டாத்தான் ஆச்சுனு. பழைய சேனல்ல பாத்தா பந்து எலுமிச்சம்பழம் தண்ணில மெதக்கற மாதிரி கலங்கலா வரும், ஆளு முதுகுல இருக்கற நம்பர் ஏழா ஒன்னானு தெரியாது, அதுல கோட்டோரம் ஓடுற உன்ன எங்க தேடறது. டிஷ் மாட்டற பாலாஜிய கூப்ட்டேன். அவன் மாடிக்கு ஏறிப் பாத்துட்டு, மலை மறைக்குதுக்கா, உங்க வீட்டுக்கு ஹெச்டி சிக்னல் கம்மியாத்தான் வரும்னு சொல்லிட்டு எறங்கிட்டான். நான் விடுவனா. நம்ம ஊருக்கு சாட்டிலைட்டு கிட்டத்தட்ட தலைக்கு மேலயே நிக்குது, மலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லனு நாலு வீடியோ பாத்து வச்சிருந்தேன், டிஷ்ஷ எத்தினி டிகிரி தூக்கணும்னும் சொன்னேன். அவன், அப்ப நீங்களே ஏறி மாட்டுங்கக்கா, நான் வேணா கீழருந்து கத்துக்கறேன்னான். ஏறினேன். அவன் கீழ டிவி முன்னாடி நின்னுகினு வருது வருது போச்சு போச்சுனு கத்தினான். அப்படி நான் மாட்டினது தான் இப்ப இருக்கறது. மூனாவது நாள் கொரங்கு வயர இழுத்துப் போட்டுச்சு. அத சரி பண்ணா, பௌர்ணமிக் கூட்டத்துல பாலாஜி வண்டி ஊருக்குள்ளயே வர முடியலனு புது பெட்டி ரெண்டு நாள் லேட்டு. பெட்டி வந்தா, மாசம் கட்டற பேக்குல சமையல் சேனல் ஹெச்டி இருக்குது, கார்ட்டூன் ஹெச்டி இருக்குது, மீன் நீந்துறத மட்டும் காட்ற சேனல் ஒன்னு ஹெச்டில இருக்குது, புட்பால் சேனல் மட்டும் இல்ல. கஸ்டமர் கேர்ல தமிழுக்கு ஒன்னை அழுத்துங்கனு சொல்லுவான், அழுத்தினா இந்தில ஒரு பொண்ணு பேசும். நாலு தடவை அழுத்தி நாலாவது தடவை நானே எனக்குத் தெரிஞ்ச இந்தில பேசி அந்த சேனலத் தனியா போட வச்சேன். வானம் இருட்டிச்சுன்னாவே சிக்னல் இல்லைனு நீலக் கலர்ல எழுத்து வந்துடும், சரியா கார்னர் அடிக்கற நேரம் பாத்து வரும்.

இவ்ளோ பண்ணி, ஆறு மேட்ச் ஹெச்டில பாத்தேன் கவி. புல்லு தனித்தனியா தெரிஞ்சுது, கோல்கீப்பர் மூக்குல வேர்வை தெரிஞ்சுது, நீ மட்டும் தெரியல. எதிர்ப்பக்கம் கொடி வச்சிருக்கற அந்தப் பையன் நல்லா தெரிவான், அவன் அம்மா குடுத்து வச்சவங்க. உன்ன ஒவ்வொரு தடவையும் கேமரா இருக்கற பக்கமே நிறுத்திடறாங்க, கேமராவுக்குக் கீழ நிக்கறதால நீ படத்துல வர மாட்டேங்கறன்னு நெனச்சுக்கினேன். பந்து கோட்டுக்கிட்ட வந்தா எப்பவாச்சும் ஒரு கொடி முனை, அவ்ளோதான். அந்த முனைய நிறுத்தி வச்சுப் பாத்துக்கினு இருப்பேன். உங்கப்பா, இது பொண்ணா இல்ல கடைத்தெரு தோரணமானு கிண்டல் பண்ணுவார்.

அந்த ஞாயித்துக்கிழமை மேட்சும் அப்படித்தான் பாத்தேன். எம்பத்தி மூனாவது நிமிஷம் அந்தக் கோலு. நீ கொடி தூக்கல, கோல் குடுத்துட்டாங்க. ஆஃப்சைடு ஆஃப்சைடுனு தோத்த டீமு ஆளுங்க உன்ன சுத்திக்கினு கத்தினாங்கனு கமெண்டரில சொன்னான், அப்பவும் நீ எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் ஆன்லைன்ல உன்னப் பத்தி எழுதினத நான் இங்க எழுத மாட்டேன். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைனு தொடங்கி எங்கெங்கயோ போச்சு. என் கை சும்மா இருக்கல. நிறுத்தி வச்ச டிவிய போன்ல படம் புடிச்சேன், அந்த நடுவுல இருந்த டிஃபெண்டரும் அடிச்சவனும் என் கண்ணுக்கு ஒரே கோட்டுல இருந்தாங்க. நான் கவிநிலாவோட அம்மா, என் பொண்ணு பண்ணது சரி, இதோ ஹெச்டி ஆதாரம்னு எழுதிப் போட்டுட்டேன். அரை மணி நேரத்துல எவனோ அந்தப் படத்து மேல செவப்புக் கோடு போட்டு, பாருங்க அடிச்சவன் ஒரு அடி முன்னாடி நிக்கறான், அவனுக்கு முன்னால கோல்கீப்பர் தவிர ஒருத்தனும் இல்ல, அம்மாவே ஆதாரம் குடுத்துட்டாங்கனு போட்டான். அது எங்க எங்கயோ போயிடுச்சு. மேட்ச பாக்காதவன் எல்லாம் என் படத்த பாத்தான். நான் பெத்த பொண்ண நானே புடிச்சுக் குடுத்த மாதிரி ஆச்சு.

மறுநாள் காலைல செங்கம் ரோட்டுல வஜீதா அக்கா வீட்டுக்குப் போனேன், அதான், வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூம் விடறாங்களே, ஒரு சான்றிதழ் குடுக்க வேண்டி இருந்துச்சு. ஹால்ல பெரிய டிவில மறு ஒளிபரப்பு ஓடிக்கினு இருந்துச்சு. நான் பாக்கக் கூடாதுனு திரும்பிக்கினேன். அக்கா தான், மலரு இது நம்ம கவி தானேன்னாங்க. திரும்பிப் பாத்தா, படத்தோட கீழ் ஓரத்துல நீ ஓடற. முழுசா. கொடிய எறக்கிப் புடிச்சுகினு, தலைய கொஞ்சம் சாய்ச்சுகினு, சின்னதுல பஸ்ஸு போயிடும்னு ஓடுவியே அதே ஓட்டம். முடிய இறுக்கிக் கொண்டை போட்டிருக்க. எளச்சிட்ட. முதுகு தான் தெரிஞ்சுது, ஒரு தடவை திரும்பின, அப்ப கன்னம் தெரிஞ்சுது. அந்தக் கோல் வந்து போனத நான் பாக்கல. ஒன்றரை வருசம் ஆச்சு உன்ன நேர்ல பாத்து, பாத்துக்கினே இருந்தேன். அக்கா பின்னாடி ஓட்டி மறுபடி போட்டாங்க. அப்பத்தான், ஏ மலரு இங்க ஒருத்தன் குந்திகினு இருக்கானேன்னாங்க. இடது ஓரத்துல, கோல் கம்பத்துக்கிட்ட, நீல சட்டை டிஃபெண்டர் ஒருத்தன் காலப் புடிச்சுகினு உக்காந்திருக்கான். அடிபட்டு உக்காந்தவனும் கணக்கு தானே, கோல்கீப்பரோட சேத்து ரெண்டு பேர் முன்னாடி இருந்தா ஆஃப்சைடு இல்லையே, இத அக்காவுக்கு நான் தம்ளரும் சொம்பும் வச்சு வெளக்கினேன். அவ்ளோ பேர் கத்தறப்ப, ஓரத்துல குந்தியிருந்த அந்த ஒருத்தன நீ ஒருத்தி தான் பாத்திருக்க.

அப்ப நம்ம வீட்ல ஏன் அவன் வரல, நீ ஏன் வரல. வேகமா வீட்டுக்கு வந்து ரிமோட்ட எடுத்து ஒவ்வொன்னா அழுத்தினேன். டிவி ஜூம்ல இருக்குதுடி. நாலு பக்கமும் ஓரத்த வெட்டிட்டு நடுவ மட்டும் பெருசாக் காட்டிக்கினு இருந்திருக்கு. மூலைல ஸ்கோர் பாதி தான் தெரியும், சேனல்காரனே அப்படிப் போடறான்னு நெனச்சேனே தவிர எனக்குத் தோணல, பாலாஜிக்கு சாட்டிலைட்டு பாடம் எடுத்த எனக்கு. உங்கப்பாவக் கேட்டேன். நான் தான் போட்டேன், மேலயும் கீழயும் கறுப்பு பட்டை வந்துச்சு, டிவி ரிப்பேர்னு நெனச்சு அழுத்தினேன், அஞ்சாறு வருசம் இருக்கும், ஏன் படம் பெருசா நல்லாத்தானே இருக்குதுன்னார். ஜூம எடுத்துட்டு, நிறுத்தி, சரியான படத்தப் புடிச்சுப் போட்டேன். தப்பானத ஆயிரக்கணக்குல பகிர்ந்தாங்க, சரியானதுக்கு பதினாறு லைக்கு, அதுல ஒன்னு வஜீதா அக்கா, ஒன்னு பாலாஜி. அந்தக் கணக்கயே மூடிட்டேன் கவி, இனிமே உன் பேர்ல எங்கயும் ஒரு எழுத்து எழுத மாட்டேன். உனக்கு யாரும் வக்கீல் வேணாம், அது எனக்கு இப்ப தான் புரியுது. நீ கொடிய எறக்கி வச்சதோட உன் வேலை முடிஞ்சிடுச்சு, நான் தான் அதுக்கு மேல பேசினேன். என்ன மன்னிச்சிடு. எனக்காக அந்த வேலைய விடாத. அவனுங்களுக்காகவும் விடாத.

ஞாயித்துக்கிழமை நீ போ. எழுதிக் குடுத்திருந்தா திரும்ப வாங்கு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு இப்ப சரியாயிடுச்சுனு வேணா சொல்லு, பொய் இல்ல. நீ கேட்ட மாதிரி நான் பாக்க மாட்டேன், இது சத்தியம். ஆனா உங்கப்பா பாப்பார், அவர பாக்க வேணாம்னு நீ சொல்லலையே. சேனலுக்கு எந்த நம்பர், எத அழுத்தணும்னு எல்லாம் அவருக்குக் காட்டிக் குடுத்துட்டேன், சத்தத்த கம்மி பண்ணிடுங்க, கமெண்டரி என் காதுல விழக் கூடாதுனு சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு நான் டிவிக்கு முதுகக் காட்டி, அவருக்கு எதுரா ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவேன். அவருக்கு மூஞ்சில எதையும் மறைக்கத் தெரியாது. கீழ் ஓரத்துல நீ ஓடினா எனக்குத் தெரிஞ்சிடும்.

அந்த மலை உன்ன நல்லபடியா வச்சிருக்கட்டும், உன் காலும் கண்ணும் உனக்கு எப்பவும் தொணை நிக்கட்டும். கணுக்காலுக்குத் தைலம் வாங்கினியா இல்லயா, குளிர் ஊருல வெறுங்காலோட நடக்காத, மேட்சுக்கு முன்னாடி வெறும் டீயோட போகாத. என்கிட்ட பேசத் தோணலன்னா அப்பாகிட்டயாவது பேசிக்கினே இரு.

உன்ன நெனச்சுக்கினே இருக்கற,
அம்மா
ஜெயமலர்