எஞ்சின் பக்கவாட்டுக்கு வந்த ஆண்டு

மார்ச் 4, செவ்வாய்

பழைய கோ-கார்ட் பந்தய வண்டிகளின் வரலாற்றை எழுதித் தருகிறேன் என்று சங்கத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதல் அத்தியாயம் சுலபம். இரும்புக் குழாயில் ஒரு சட்டம், நான்கு குட்டிச் சக்கரம், ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின். ஆரம்பகால மாடல் எல்லாம் அப்படித்தான்.

இரண்டாம் அத்தியாயத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். எஞ்சினைப் பக்கவாட்டுக்கு மாற்றி, இருக்கையைச் சாய்த்து, ஆளைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்த மாடல். இந்த ஊரில் அதை முதலில் செய்தது யார்? அப்பா, நான்தான் என்கிறார். அந்த நாளில் அவருக்குப் போட்டியாக வண்டி கட்டிய டயர்க்கடைக்காரரும் நான்தான் என்கிறார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசி நான் பார்த்ததே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

டயர்க்கடைக்காரரின் வண்டியைப் பார்த்தேன். பாதிக்குமேல் புதுக் குழாய். மீதியிலும் பழைய வேலை ஒன்றுகூட மிச்சமில்லை.

"அறுபத்தேழுல செஞ்சதும்மா. கண்ணால பாத்தவங்க இன்னும் இருக்காங்க."

"கண்ணால பாத்தா போதாதுங்க ஐயா. பழைய வேலை வண்டியிலயே இருக்கணும், அதை நான் படம் எடுக்கணும். இல்லன்னா ஆண்டு போட மாட்டேன்."

"உங்கப்பா வண்டிக்கும் இதே சட்டம்தானா?"

"இதேதான்."

சிரித்தார். நம்பவில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. வீடு வரும்வரை எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கிடைத்துவிட்டது! அண்ணனின் கிரில் பட்டறைப் பரணில், துருப்பிடித்த கம்பிகளுக்கு அடியில் அப்பாவின் வண்டி. பக்கவாட்டில் எஞ்சின் உட்காரும் தட்டு. அது சட்டத்தோடு சேரும் இடத்தில் பெயிண்டை நகத்தால் சுரண்டினேன். மஞ்சள். பித்தளை!

அப்பாவிடம் மின்சார வெல்டிங் வந்தது அறுபத்தாறு கடைசியில். அது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் பித்தளையை உருக்கித்தான் பற்றவைத்தார். அப்படியானால் இந்தத் தட்டு அதற்கும் முந்தியது. அப்பா சொன்னது உண்மை.

பரணில் வெளிச்சம் போதவில்லை. கைப்பேசியில் எடுத்த படத்தில் வெறும் கறுப்புதான்; ஃபிளாஷ் போட்டால் எல்லாம் ஒரே வெள்ளை. அடுத்த ஞாயிறு வந்து நல்ல வெளிச்சத்தில் எடுக்கிறேன், வண்டியை மட்டும் கீழே இறக்கி வை என்று அண்ணனிடம் சொன்னேன். "நீ கவலைய விடு, நான் பாத்துக்கறேன்" என்றான்.

மார்ச் 16, ஞாயிறு

பார்த்துக்கொண்டான். நன்றாகவே பார்த்துக்கொண்டான்.

பட்டறை வாசலில் பளபளவென்று ஒரு சிவப்பு வண்டி. பக்கத்தில் அண்ணன், வாயெல்லாம் பல்.

"எப்படி? படம் எடுக்கப் போறேன்னு சொன்னியே, அந்தக் கோலத்துலயா எடுக்கிறது? பித்தளையெல்லாம் கிரைண்டர் போட்டு வழிச்சு எடுத்துட்டேன். சுத்தி வெல்டிங். இனிமே யானை ஏறி உக்காந்தாலும் அசையாது!"

ஐயோ அண்ணா, உன்னை என்னதான்டா பண்றது? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இல்லை — நான்தான் சொல்லியிருக்கணுமா, பித்தளையைத் தொடாதேன்னு? ஒரு சரித்திரத்தையே வழிச்சுக் குப்பையில கொட்டிட்டு, "எப்படி?"ன்னு கேக்கிறான்!

அப்பா அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சிவப்பு பிடித்திருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

அண்ணன் அழைத்தான். எடுக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சங்கச் செயலாளர் தொலைபேசியில்: "நீங்களே பாத்தீங்கள்ல மேடம்? அறுபத்தாறுன்னு எழுதிடுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவும் அதையே சொன்னார். "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அப்புறம் என்ன? எழுதிட வேண்டியதுதானே?"

என்ன? எனக்கே விளங்கவில்லை. பித்தளையை நான் பார்த்தது பொய்யா? இல்லை. ஆனால் கண்ணால் பார்த்தால் போதாது என்று ஒரு பெரிய மனுஷரின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே. என் வாய்தான் எனக்கு எதிரி.

ஏப்ரல் 2, புதன்

மூன்று முறை "1966" என்று தட்டினேன். மூன்று முறையும் அழித்தேன். இவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "உங்கப்பாவுக்கு நீ போடாம வேற யாரு போடுவா?" என்றார். அதுதான் பிரச்சினையே என்று கத்திவிட்டேன். பாவம், இவர் என்ன செய்வார்.

இரண்டு வண்டிகளுக்கும் ஒரே வரி: "பக்கவாட்டு எஞ்சின் மாடல். ஆண்டு உறுதியில்லை." அனுப்பிவிட்டேன். அப்பாவிடமும் சொன்னேன். கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஏப்ரல் 11, வெள்ளி

அப்பா என்னோடு பேசுவதில்லை. எல்லாம் இவர் வழியாகத்தான். "மாப்ளே, டீயில சர்க்கரை கம்மியா இருக்குன்னு எழுத்தாளர் அம்மாகிட்ட சொல்லுங்க." நான் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறேன். சர்க்கரை போடவில்லை. போடவும் மாட்டேன், சர்க்கரை வியாதிக்காரருக்கு.

எண்பதை நெருங்குகிறார். ஒரு எண்ணைத்தானே கேட்டார்? அழுகையாக வருகிறது. கோபமும் போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

புத்தகம் வந்து மூன்று நாளாகிறது. அப்பா தொடவில்லை.

காலையில் வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால் டயர்க்கடைக்காரர், கையில் புத்தகம். அவர் எங்கள் வீட்டுப் படியேறியதே இதுதான் முதல் தடவை. பக்கத்தை விரித்து அப்பாவின் மடியில் வைத்தார். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வண்டியும், அடியில் அதே வரி. நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"என்னய்யா பொண்ணு வளத்திருக்க? உறுதியில்லையாம்! பாடுபட்டு செஞ்சவன் நான் உயிரோட உக்காந்திருக்கேன்!"

"அத ஏன்யா கேக்கிற" என்றார் அப்பா. "சொன்னா கேக்கிற ஜாதியா அது? பிடிவாதம்."

"நிஜத்தச் சொல்றேன். உனக்கு மட்டும் அறுபத்தாறுன்னு போட்டிருப்பா, வந்து உன் சட்டையப் பிடிக்கணும்னுதான் பக்கத்தைப் பிரிச்சேன்."

அப்பா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை முதல்முறையாகப் படித்தார்.

"பெத்த அப்பனுக்கே போடலை" என்றார். "உனக்கா போடுவா? உக்காருய்யா."