கிருபாவதி பாஸ் பண்ணின டெஸ்ட்

28.4.2025, திங்கள்

நீ போனை வெச்சிட்டா பேச்சு முடிஞ்சிடுமா மெர்சி? எனக்கு இன்னும் பாக்கி இருக்கு. குடும்ப டாக்டர் ஒருத்தரைப் பிடிங்கப்பான்னு சொல்ற. நம்ம குடும்பத்துல எவன் டாக்டருக்குப் படிச்சான்? பெத்த பொண்ணு உன்னைப் படிக்க வெச்சேன், நீ ஓசூர்ல போய் கம்ப்யூட்டர் தட்டற. சட்டை மாத்துற மாதிரி டாக்டரை மாத்துறேன்னு வேற சொல்ற. நானா மாத்தினேன்? இருபத்திரண்டு வருஷம் எங்களைப் பார்த்த தனசேகரன் டாக்டர் பொங்கலோட கிளினிக்கைப் பூட்டிட்டு கோயம்புத்தூர்ல மகன் வூட்டுக்குப் போய்ட்டாரு. போறப்ப இந்த மருந்துக் கம்பெனி டைரியை எனக்குக் குடுத்தாரு. வைத்தியத்தை யார்கிட்டயும் குடுத்துட்டுப் போவலயே.

சரி. கோபம் போதும். மகள் சொன்னபடி நடந்ததை எழுதி வைக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு என் பெண்டாட்டி கிருபாவதி செருப்பில்லாமல் குன்று ஏறினாள். வருஷா வருஷம் ஏறுகிறவள்தான். பதினாலு வருஷமாக அவளுக்குச் சர்க்கரை. பாறை கொதித்தது. நான் கால் மாற்றிக் கால் வைத்துக் குதித்தேன். அவள் பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்தாள். இன்னா பக்தி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் தரையெல்லாம் ரத்தத் தடம். வலது பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. பக்தி என்று நான் நினைத்தது மரத்துப்போன கால்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே கையை உதறுகிறாள். அவள் அக்கா செல்லம்மா விரல் புண் என்று போய், காலை முழங்காலோடு விட்டுவிட்டு வந்தவள். அதனால் பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும். விரலைப் பார்த்ததும் கத்தியைத் தேடாத ஆள்.

2.5.2025, வெள்ளி

கண்ணமங்கலத்தில் ஒரு கிளினிக். அறுபத்து மூன்றாவது டோக்கன். டாக்டர் தலையே நிமிரவில்லை. முதலில் ஆளைச் சோதித்துப் பார்ப்போம் என்று நான் போய் உட்கார்ந்தேன்.

"சாப்ட்டா பசி அடங்கிப் போவுதுங்க. படுத்தா தூக்கம் வருது."

"எத்தினி நாளா?"

"சின்ன வயசுலேர்ந்தே."

காலை ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். கிருபாவின் காலை அவருக்குக் காட்டவில்லை. எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

7.5.2025, புதன்

ஒடுகத்தூர். இரண்டு பஸ், அரை நாள். இவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் திட்ட ஆரம்பித்தார். சர்க்கரை 312. சோற்றைக் கொட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறீர்களே என்று பத்துப் பேர் எதிரில் கேட்டார். அறுபத்தெட்டு வயசுப் பொம்பளையை. களிம்பு எழுதி, அடுத்த வாரம் வந்து டெஸ்ட் எடுக்கச் சொன்னார்.

பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். நாற்பது வருஷம் கரும்பு லாரி ஓட்டினவன் நான், சர்க்கரை எனக்கு வராமல் விலாசம் மாறி உனக்கு வந்துவிட்டதே என்றேன். சிரிக்கவில்லை.

11.5.2025, ஞாயிறு

மூன்று வேளையும் சாமைக் கஞ்சி. அதுவும் அரை டம்ளர். கேட்டால் "டெஸ்டுக்கு" என்கிறாள்.

14.5.2025, புதன்

118! டாக்டர் ‘வெரி குட்’ சொல்லி ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார். கிருபா அந்தச் சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பாஸானதற்கு வேலூர் பஸ் ஸ்டாண்டில் நானே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள் பட்டினி கெடந்து டாக்டரையே ஏமாத்திட்டியேடி என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

24.5.2025, சனி

சிரிப்பு நின்றுவிட்டது. கட்டைப் பிரித்தால் நாற்றம். புண் நெல்லிக்காய் அகலம் ஆகிவிட்டது. விரலில் கருப்பு ஏறுகிறது. மெர்சி போனில் அழுகிறாள். வேலூர் போகலாமா என்றேன். "எங்கக்கா காலை எங்க பொதைச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் முழுசாத்தான் போவேன்" என்கிறாள். இன்னா பண்றது நான்? மாத்திரைய கொறைச்சப்ப கூட நின்னு பல்ல காட்டினவன் நான்தானே. ஆண்டவரே, இப்ப இன்னா பண்றது?

26.5.2025, திங்கள்

பால் சொசைட்டியில் மங்கம்மாள் சொன்னாள். கண்ணமங்கலத்தில் உரக்கடைக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருக்கிறாராம். பெயர் நதியா. மலைமேல் ஊர்க்காரப் பொண்ணு. அப்பா சின்னதம்பி சாமையும் புளியும் கொண்டுவந்து விற்கிறவர். காலை பஸ்ஸிலேயே போனோம்.

வாசலில் பலகை: ‘செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரவும்.’ தப்பாக எழுதிவிட்டார்களோ என்று இரண்டு தடவை படித்தேன். கிருபா மரியாதைக்குக் கழற்றிவிட்டுத்தான் போனாள். அந்தப் பொண்ணே எழுந்து வந்து செருப்பை எடுத்தது. உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, ஒரு வேலமுள் முனையைப் பிடுங்கி மேசையில் வைத்தது. இத்தனை நாளாக அது குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் களிம்பு தடவிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

இருந்தாலும் என் சோதனையை விட முடியுமா? "சாப்ட்டா பசி அடங்கிப் போவுது டாக்டரம்மா" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தது. "அதை நான் கொணப்படுத்தினா காலம்பூரா பசியோட சுத்துவீங்க. பரவால்லயா ஐயா?"

ஆள் கிடைத்துவிட்டது.

அப்புறம் 118 சீட்டைப் பார்த்தது. காலைப் பார்த்தது. மறுபடி சீட்டைப் பார்த்தது. ரெண்டும் ஒரே ஆளுதா என்று கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சிரிக்க வைக்கலாம் என்று சாமைக் கஞ்சியில் ஆரம்பித்து மைசூர்பாகு வரைக்கும் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சாமியாரிடம் ரகசியமாகச் சொன்ன பாவசங்கீர்த்தனத்தைக் கோயில் மைக்கில் போட்டுவிட்ட மாதிரி கிருபா என்னைப் பார்த்தாள். பிறகு திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பொண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டது.

"எனக்கு நல்ல நம்பர் வேணாம்மா. நெஜ நம்பர் குடுங்க. இன்னா தின்னீங்களோ அதைச் சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்."

கிருபா மெதுவாகக் கேட்டாள். "வெரலை எடுத்துடுவியாம்மா?"

"எலும்புக்குப் போவலன்னா வேணாம். போயிருந்தா மறைக்கமாட்டேன். நானே உங்ககூட வேலூருக்கு வர்றேன்."

எக்ஸ்ரே எழுதியது. இன்சுலின் எழுதியது. மூன்று மாதத்துச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறதாம், அதையும் எழுதியது. நாலு நாள் பட்டினியெல்லாம் அதனிடம் செல்லாது.

27.5.2025, செவ்வாய்

கிருபா என்னோடு பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள்.

28.5.2025, புதன்

மூன்று மாத நம்பர் 11.6. மோசம். ஆனால் எலும்பு சுத்தம்! பேச்சு இன்னும் இல்லை.

5.6.2025, வியாழன்

கட்டு மாற்றுவதும் தினமும் பாதத்தைப் பார்ப்பதும் என் வேலையாம். டாக்டர் உத்தரவு. அவளால் குனிந்து பார்க்க முடியாது, குத்தினாலும் தெரியாது. ஆகவே உணர்ச்சி இருக்கிற ஆள் பார்க்க வேண்டும் என்றது அந்தப் பொண்ணு. எனக்கு அது இருப்பதாக முதல் தடவையாக ஒருத்தர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

காலையில் வாசல் வெளிச்சத்தில் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷம். அவள் காலை நான் தொட்டதே இல்லை. புடவையை இழுத்து இழுத்து மூடினாள். இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம். இது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

"நீளமா இருந்தா புருஷனை அடக்குவாங்களாமே" என்றேன்.

"எங்க அடக்க முடிஞ்சது" என்றாள். பத்து நாளில் முதல் பேச்சு.

23.6.2025, திங்கள்

புண் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. இன்று யாரும் கேட்காமலே கிருபா டாக்டரிடம் சொன்னாள். "நேத்து பலாப்பழம் ரெண்டு சுளை தின்னுட்டேன்மா." திட்டு விழவில்லை. ஊசி அளவைச் சரிபார்த்தது, அவ்வளவுதான்.

நான் பார்த்தேன், மூன்று சுளை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவளே திரும்ப உள்ளே போய், மூணும்மா என்று சொல்லிவிட்டு வந்தாள்.

9.7.2025, புதன்

மெர்சி கேட்டாள். குடும்ப டாக்டர் பெயர் நதியா என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். பிடிச்சிட்டியாப்பா என்றாள். நான் எங்கே பிடித்தேன், மூணு சுளையை ஒப்புக்கொண்டு உங்கம்மா பிடித்தாள்.

21.7.2025, திங்கள்

புண் மூடிவிட்டது. புதுத்தோல், குழந்தை உதடு மாதிரி. மெத்தென்ற செருப்புப் போட்டு நடக்கலாம் என்று உத்தரவாகிவிட்டது. ஆனால் பாதம் பார்ப்பதை ஆயுசுக்கும் நிறுத்தக்கூடாதாம்.

எனக்கு ஒரு பயம் இருந்தது, கேட்டுவிட்டேன். நீயும் ஒரு நாள் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விடுவாயா என்று.

"எங்கப்பா மலை மேல நாப்பது புளியமரம் வெச்சிருக்காரு ஐயா. அதுங்களை வுட்டுட்டு எங்க போறது?"

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். இந்தக் கால் பிழைத்ததற்கு யார் காரணம் என்று கிருபாவுக்கு விளக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பார்வையை நான் மறக்கவில்லை, ஆனால் யோசித்துப் பார், அன்னிக்கு மட்டும் இந்த வாயி தொறக்கலன்னா உன் காலு இன்னிக்கு—

பக்கத்தில் ஆள் இல்லை. பூக்கடையைத் தாண்டி, டீக்கடையையும் தாண்டி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பிடிக்க முடியவில்லை.