அப்பாவின் முதுகு மச்சம்

அன்பு மகன் ஜெயபாலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நெல்லுக்கடை மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறந்தால் கண்ணை உருட்டுகிறார். பிள்ளையிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் செய்து கொடுக்கவில்லை. போன மாதம் நீ உன் பிடரி மச்சம் சட்டைக் காலரில் உரசி அரிக்கிறது, கூட இருக்கிற பையன் தெரிந்த பார்லரில் சுட்டு எடுத்துவிடலாம் என்கிறான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றைக்கே எழுத நினைத்தேன். அப்துல் வஹாப் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறார், நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் இதையும் வைத்து அனுப்புகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கடைசி வரைக்கும் படி. பயப்படும்படி இப்போது ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா முதுகில் வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் உண்டே, சின்ன வயதில் நீ அதைப் பொத்தான் என்று அமுக்கி விளையாடுவாய், அது போன மழைக்காலத்திலிருந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. மிளகு அளவு இருந்தது புளியங்கொட்டை அளவு ஆகி, ஓரமெல்லாம் கோணல்மாணலாகி, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் சிவப்புமாக நிறம் மாறிப்போனது. அரிப்பு தாங்காமல் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பார். முதுகில் இருப்பது அவர் கண்ணுக்கு எங்கே தெரியும், பார்க்கிறவள் நான்தான். டாக்டரிடம் காட்டலாம் என்றால் வலை இழுக்கிறவன் முதுகு அப்படித்தான் இருக்கும் என்று துண்டைப் போட்டு மூடிக்கொள்வார். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகைக் கட்டிப் போட்டதும் உன் அத்தை கமலவல்லி நன்னிலத்திலிருந்து வந்தாள். அண்ணன் மேல் அவளுக்குப் பாசம் அதிகம், அந்தப் பாசம்தான் வினையாகப் போனது. நான் கருவாடு விற்கப் போயிருந்த நேரத்தில் சுண்ணாம்பையும் சோடா உப்பையும் குழைத்து, அரிப்புக்கு மருந்து என்று பொய் சொல்லி, மச்சத்தின் மேல் அப்பிவிட்டாள். காய்ந்து தானாக உதிர்ந்துவிடுமாம், அவர்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்களாம். நான் வந்து பார்க்கும்போது தோல் வெந்து, சட்டையெல்லாம் ரத்தம். நான் போட்ட சத்தத்தில் கமலவல்லி அழுதுவிட்டாள், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

புண்ணுக்குக் களிம்பு வாங்கத்தானே என்று உன் அப்பாவும் ஆட்டோவில் ஏறிவிட்டார். தோல் டாக்டர் நுஸைபா சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், ஆனால் கண்ணாடி வைத்து அந்த மச்சத்தை ரொம்ப நேரம் பார்த்தது. மச்சம் என்றால் எல்லாம் ஒன்று இல்லையாம். அழகுக்காக எடுக்கிற சாதாரண மச்சம் என்றால் மேலாகச் சீவி எடுக்கலாம், சிலதை லேசரில் எடுக்கலாம், மரு மாதிரி இருப்பதை உறைய வைத்தும் உதிர்க்கலாம், அதையும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் செய்ய வேண்டுமாம். வளர்ந்து நிறம் மாறின மச்சத்தைச் சுடவே கூடாதாம், சுட்டுவிட்டால் சோதனைக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்து, தையல் போட்டு, எடுத்ததை லேபுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றது. புற்றுநோயா என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது, தள்ளிப் போடவும் கூடாது என்று அந்தப் பெண் பட்டென்று சொன்னது. உன் அப்பா எழுந்தார், சட்டையை மாட்டினார், போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார்.

கத்திக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர் அப்புறம்தான் சொன்னார். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது, சுனாமியில் உன் பெரியப்பா நாகநாதனைத் தேடி உன் அப்பா எங்கெல்லாம் அலைந்தார் என்று உன்னிடம் நாங்கள் பேசியதே இல்லை. முகத்தை வைத்து யாரையும் சொல்ல முடியாத நிலைமை. இடுப்பில் இருந்த மச்சத்தைப் பார்த்துத்தான் இது என் அண்ணன் என்று சொல்லி வாங்கி வந்து மண்ணில் வைத்தார். அதற்கப்புறம் நம் தெருவில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் கடலுக்குப் போகிற புருஷன், பிள்ளை உடம்பில் எங்கெங்கே மச்சம் என்று மனப்பாடமாகச் சொல்வாள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அது ஒரு வழக்கமாகிவிட்டது. உன் அப்பா என்னைப் பார்த்து, "இதையும் வெட்டி எடுத்துட்டா என்னை எதை வச்சுக் கண்டுபிடிப்ப அம்சம்?" என்று கேட்டார். அழுதால் அவர் ஜெயித்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். "கடல்ல போனா அடையாளம் சொல்ல நான் இருக்கேன். இதை வச்சுக்கிட்டு வீட்டுல கிடந்து போனீங்கன்னா யாருக்கு அடையாளம் சொல்றது?" என்று கேட்டேன். அவர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். அதோடு நான் விடவில்லை. மீனைக் கழுவினாலும் அதே பேச்சு, படுத்தாலும் அதே பேச்சு. தடை முடிந்து படகு கிளம்பும்போது நானும் படகின் முன்பக்கத்து அணியத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வேன், இறக்கிவிட யாருக்குத் தைரியம் இருக்கிறது பார்க்கலாம் என்றேன். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் நுஸைபா எல்லாம் விளக்கிவிட்டு, முதுகுத் தோல் இழுபடுகிற இடம், எவ்வளவு பதமாகத் தைத்தாலும் தழும்பு விழுந்துவிடும் என்று கொஞ்சம் தயங்கிச் சொன்னது. உன் அப்பா தலையை நிமிர்த்தி, அழிந்து போகாதா என்று கேட்டார். மங்கும், முழுதாக அழியாது, வேண்டுமானால் தழும்பு தெரியாமல் இருக்க ஒரு களிம்பு எழுதித் தருகிறேன் என்றது. "வேணாம் டாக்டர். தழும்பு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தானே போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார். தழும்பு விழாமல் எடுங்கள் என்று கேட்டு வருகிறவர்களைத்தான் அந்தப் பெண் பார்த்திருக்கும், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது. நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள், வலி தெரியவில்லையாம், இழுப்பது மட்டும் தெரிந்ததாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எடுப்பதைவிட ஆற வைப்பதுதான் பெரிய பாடு. முதல் நாள் தண்ணீர் படக் கூடாது, அப்புறம் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, புண் ஆற அவர்கள் கொடுத்த களிம்பைத் தடவிக் கட்டுப் போட வேண்டும். மஞ்சள், வேப்பெண்ணெய், ஒன்றும் வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் ஆகாது, வெயில் ஆகாது, பாரம் தூக்கக் கூடாது. கடல்காரனை உப்பும் வெயிலும் படாமல் வைத்திருப்பது நடக்கிற காரியமா சொல். படகுக்குப் பெயிண்ட் அடிப்பதை நிழலில் நின்று பார்க்கிறேன் என்று போனவர் வலை மூட்டையைத் தூக்கி ஒரு தையலைப் பிய்த்துக்கொண்டு வந்தார். மறுபடி ஓடினோம், நல்லவேளையாகச் சீழ் வைக்கவில்லை. அதற்கப்புறம் அவர் சட்டைகளையெல்லாம் ஊற வைத்துவிட்டேன், சட்டையில்லாமல் துறைமுகத்துக்குப் போனால் கட்டைப் பார்த்து நாலு பேர் கேட்பார்களே, அந்தக் கூச்சத்தில் வீட்டிலேயே கிடந்தார். சீரியல் கதை முழுக்க இப்போது அவருக்குத்தான் தெரியும்.

லேப் முடிவு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. புற்றுநோய் இல்லை ஜெயபால். ஆனால் செல்லெல்லாம் மாற ஆரம்பித்திருந்ததாம், விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஓரம் சுத்தமாக வந்திருக்கிறது, இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை உடம்பு முழுக்கக் காட்டினால் போதும் என்றது டாக்டர். அதோடு பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்கள் மச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னது. அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம். பார்லர் பக்கம் நீ போகக் கூடாது. சுண்ணாம்பு யோசனை சொல்ல அங்கேயும் ஒரு கமலவல்லி இருப்பாள், கேட்காதே. கம்பெனி இன்சூரன்ஸ் அட்டை சும்மாதானே கிடக்கிறது, இந்த வாரமே தோல் டாக்டரைப் பார். கூட இருக்கிற பையனை விட்டு உன் பிடரியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் போட்டோ வரவில்லை என்றால் ஸ்பீக்கரில் போட்டு உன் அப்பாவை வைத்துக்கொண்டே கேட்பேன், யார் சொன்னது என்று அவர் என்னோடு சண்டை போட்டாலும் சரி.

அடுத்த வாரம் தடை முடிகிறது, உன் அப்பா கடலுக்குப் புறப்படுகிறார், டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டது. நேற்றுக் களிம்பு தடவும்போது, நல்லா பார்த்துக்கிட்டியா, மறந்துட மாட்டியே என்று கேட்டார். இத்தனை நாள் கழுவிக் கட்டியதில் அந்தத் தழும்பு என் விரலுக்கே பழகிவிட்டது, இருட்டிலும் சொல்வேன், சொல்ல வேண்டிய நாள் மட்டும் வராமல் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். உனக்கு இடது முழங்கையில் ஒன்று, பிடரியில் ஒன்று, வலது பாதத்தில் சின்னதாக ஒன்று. எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னால் யோசிக்காமல் எடுத்துக்கொள். மச்சம் இல்லாமல் வந்தாலும் நீ வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே உன்னை எனக்குத் தெரியும். தீர்க்காயுசாக இரு, நல்ல உடம்போடு திரும்பி வா.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
உ. அம்சம்,
நாகப்பட்டினம்