மெஷினில் தேங்கிய தண்ணீரும் அம்மாவின் வலது கையும்

யாவ்கோ
மார்ச் 10

அன்பு மகள் யமாரிஸுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். போனில் என்றால் நீ ஆசி கேட்பாய், நான் கொடுப்பேன். கடிதத்தில் அதற்கு வழியில்லை என்பதால் கேட்கும் முன்பே கொடுத்துவிட்டேன். இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன், இப்போது அது உண்மைதான், அதனால் அடிக்கவில்லை. மினசோட்டாவில் இன்னும் பனி என்று டிவியில் காட்டினார்கள், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் பேசாமல் அப்பா ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். நம் வீட்டு போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உன் அம்மா மூன்று வார்த்தை சேர்ப்பாள். இது குறுக்கே யாரும் பேசாமல் சொல்ல வேண்டிய விஷயம். அவளுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். என்னால சொல்ல முடியல, நீயே எழுதிடு என்று சொல்லிவிட்டு முற்றத்துக் கோழிகளிடம் போய்விட்டாள்.

விஷயம் நீ அன்னையர் தினத்துக்கு வாங்கிக் கொடுத்த பாத்திரம் கழுவும் மெஷினைப் பற்றியது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று உன் அத்தை வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். பச்சைத் துவரை போட்ட சோறு, பன்றிக்கறி, தேங்காய்ப் புட்டிங் என்று வீடு நிறைய எச்சில் தட்டு. எல்லாரும் போன பிறகு உன் அம்மா அந்தப் பெரிய வெள்ளைத் தட்டை எடுத்தாள், அது அவள் கையிலிருந்து நழுவித் தூள் தூளாகிவிட்டது. உடைந்ததை அவள் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோப்பு வழுக்கியிருக்கும், நீ போய் ஜெபமாலைக் கூட்டத்தைப் பாரு, மிச்சத்தை நான் மெஷின்ல போட்டுக்கிறேன் என்றேன். வேணாம் கிழவா, அது சத்தம் போடும், நானே வந்து கழுவிக்கிறேன் என்றாள். சத்தத்துக்கு பயந்தா நான் உன்னைக் கட்டியிருப்பேனா என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மகளே, மெஷின் வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியும் அதன் கதவை நான் திறந்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே நல்ல தட்டுகள் சுத்தமாக அடுக்கியிருந்தன. அவள் கழுவி எடுக்க மறந்தது என்று நினைத்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, எச்சில் தட்டுகளைப் போட்டு பட்டனை அமுக்கினேன். ஓடி முடித்த பிறகு திறந்தால் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அழுக்குத் தண்ணீர், மேலே துவரை மிதக்கிறது. அதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள். பார்த்ததும் முகம் வெளுத்துப்போய், அப்பவே தெரியும் எனக்கு என்றாள். அப்பவேன்னா எப்ப என்று கேட்டேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் குவளையால் மொண்டு ஊற்றி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். பக்கத்து வீட்டு ஹிராம் ஏசி ரிப்பேர் பார்த்தவன் அல்லவா, அவனையும் கூப்பிட்டேன். முதல்ல சல்லடையைக் கழட்டு மச்சான், உன் பொண்டாட்டி சொராய்தா சமையலுக்குப் பாதி அரிசி அங்கதான் இருக்கும் என்றான். கழற்றினால் முந்தின நாள் துவரையைத் தவிர ஒன்றுமில்லை. பழைய பிசுக்கு ஒரு துளி இல்லை. அதைவிட, கம்பெனி ஒட்டிய காகிதம் ஓரத்தில் அப்படியே இருந்தது. ஹிராம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இத்தனை நாளாக மெஷின் ஓடவே இல்லை என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. அடுத்ததாக மெஷினை இழுத்து, பின்னால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தோம், மடங்கவில்லை. சிங்க்குக்கு அடியில் அந்தக் குழாயின் முனையைக் கழற்றி வாளிக்குள் விட்டு, மெஷினில் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டோம். வாளி ஒரு நிமிஷத்தில் நிறைந்து என் கால் நனைந்தது. மோட்டார் நல்லாருக்கு, குழாய் நல்லாருக்கு, அப்ப தண்ணி போய்ச் சேர்ற இடத்துலதான் கோளாறு என்றான் ஹிராம். எச்சில் மிச்சத்தை அரைக்கிற டப்பா சிங்க்கின் கீழே இருக்கிறதே, குழாய் அதில்தான் சேருகிறது. அந்தத் துவாரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் அது துவாரமே இல்லை, கெட்டியான பிளாஸ்டிக் மூடி. மெஷினை மாட்டும்போது அதைத் தட்டி உடைத்துவிட வேண்டுமாம். மாட்ட வந்த ஆள் மறந்துவிட்டான், அவ்வளவுதான். திருப்புளியை வைத்துச் சுத்தியலால் ஒரே அடி, மூடி டப்பாவுக்குள் விழுந்தது. அதை இடுக்கியால் எடுத்த பிறகு எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டோம், தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போனது.

அந்தச் சத்தம் கேட்டு உன் அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். நான் மூடியைக் காட்டி, பாரு, இதுதான், வந்த நாள்லேர்ந்து அடைச்சிருக்கு என்றேன். என் கையிலிருந்து அதை வாங்கிப் பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஹிராம் தன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று ஏதோ பொய் சொல்லிவிட்டு நழுவினான். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. மெஷின் வந்த முதல் நாளே அவள் ஓட்டியிருக்கிறாள், தண்ணீர் நின்றுவிட்டது. தான் ஏதோ தப்பாக அமுக்கிக் கெடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். புள்ளை கால் வீங்க ராத்திரி டூட்டி பார்த்து வாங்கிக் குடுத்துச்சு, மொத நாளே கெடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்றது என்றாள். அன்று யாருக்கும் தெரியாமல் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, அதைத் தட்டு வைக்கும் அலமாரியாக்கிவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் மெஷின் எப்படி இருக்கு மம்மி என்று நீ கேட்பாய், ராணி மாதிரி உக்காந்திருக்கேன் என்பாள், போனை வைத்துவிட்டுப் போய்க் கையால் கழுவுவாள். நான் பக்கத்து அறையில் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருப்பேன். அதோடு முடியவில்லை. போன கோடையிலிருந்து அவளுடைய வலது கைக் கட்டைவிரலிலும் அதை அடுத்த இரண்டு விரலிலும் உணர்ச்சியே இல்லை. தட்டு நழுவியது சோப்பால் இல்லை. பட்டன் போட முடியாமல்தான் அவள் தலைவழி மாட்டும் சட்டையாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது புது ஸ்டைலாகத் தெரிந்தது, நல்லாருக்கு என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

போன்சே நகரத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கையில் உணர்ச்சி திரும்பியிருக்காது என்றார். பிப்ரவரியில் ஒரு நாள் நீ அழைத்தபோது அம்மா தூங்குகிறாள் என்று சொன்னேன் அல்லவா, அன்று அவள் ஆபரேஷன் அறையில் இருந்தாள், நான் வராந்தாவிலிருந்து பேசினேன். அவளைத் திட்ட எனக்கு வாயில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது, நீயும் என்னை மன்னித்துவிடு. தையல் பிரித்தாயிற்று, விரல்களில் உணர்ச்சி மெல்லத் திரும்புகிறது. நேற்று காபி ஆறிப்போனதற்கு என் காதைப் பிடித்துத் திருகினாள், நன்றாகவே வலித்தது. இப்போது தினமும் மெஷின் ஓடுகிறது, தட்டை எந்தப் பக்கம் பார்த்து அடுக்குவது என்று தினமும் சண்டையும் நடக்கிறது. சோறு வடிக்கும் அந்த அலுமினியச் சட்டியை மட்டும் நான் கையால் தேய்க்கிறேன், அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டித் தின்கிற உரிமையும் எனக்கே.

அவளிடம் கோபப்படாதே யமாரிஸ். பணம் அனுப்புகிறேன், டிக்கெட் போடுகிறேன் என்றும் கிளம்பாதே, இங்கே எல்லாம் ஆகிவிட்டது. நான் கேட்பது வேறு. கிறிஸ்துமஸிலிருந்து நீ போனில் சீக்கிரம் சிரிக்கிறாய், சீக்கிரம் வைத்துவிடுகிறாய். எப்படி இருக்கிறாய் என்றால் சூப்பர் அப்பா என்கிறாய். முன்பெல்லாம் நீ அப்படிச் சொல்லமாட்டாய், குளிர், மேலதிகாரி, முதுகுவலி என்று அரை மணி நேரம் புலம்புவாய். என்ன என்று நான் கேட்கவில்லை, ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறவளின் கை மரத்துப்போனது எனக்குத் தெரியவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதை நான் எப்படிப் பார்ப்பேன், நீதான் சொல்ல வேண்டும். எந்த நேரமானாலும் பரவாயில்லை, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எடுக்கிறேன்.

கன்னி மாதா உன் கூடவே இருக்கட்டும், உன் வேலையும் உன் தூக்கமும் நன்றாக இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே.

உன் அப்பா,
எலெயுத்தேரியோ

யமா, பேனாவை நானே பிடிச்சு எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும். அப்பா கேட்டதுக்கு பதில் சொல்லு. என் கிட்ட சொல்ல வேணாம்னா அவர்கிட்டயாவது சொல்லு.
அம்மா