நீ சொல்லாமல் விட்ட பெயர்

இன்று காலை ஒரு கூடைக்காரி வாசலில் சீத்தாப்பழக் கூடையை இறக்கினாள். வாசனை அறை முழுக்க ஏறிவிட்டது. ஒன்றும் வாங்காமல் அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். பருவம் தவறாமல் அல்வால் கிராமத்திலிருந்து எனக்கென்று இந்தப் பழத்தைச் சுமந்து வந்தவள் நீ. உன்னை அந்த அல்வாலுக்கு விரட்டியவள் நான்.

செகந்தராபாத் மிஷன் பெண்கள் பள்ளியில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒன்பது வருஷம் கழித்துத் தலைமை ஆசிரியை இடம் காலியானபோது எல்லாரும் உன் பெயரைத்தான் சொன்னார்கள். அந்த வேலையோடு வளாகத்திலேயே ஒரு வீடும் உண்டு. என் கணவர் இறந்து எட்டு மாதம்; ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்; இடுப்பில் பெண் குழந்தை. இதையெல்லாம் காரணமாகச் சொல்லிச் சொல்லி நானே நம்பப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சைத் தாளை நீ முன்கூட்டியே பிள்ளைகளுக்குக் காட்டினாய் என்று, எழுத்தைச் சாய்த்து மாற்றி, நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன். அத்தனையும் பொய். உன்னிடம் அதைக் காட்டி நாலு கேள்வி கேட்டார்கள். பிறகு அல்வாலில் ஓர் ஓட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நிஜாம் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்தவரோடு உனக்குப் பேசியிருந்த கல்யாணமும் நின்றுபோனது. வீடு எனக்குக் கிடைத்தது.

நீ போன ஆறாம் வருஷம் பள்ளி மேலாளராக வந்த புதுப் போதகரின் கையில் அந்தக் கடுதாசி அகப்பட்டது. பழைய பிள்ளைகளை விசாரித்துவிட்டு உன்னை வரவழைத்தார். தலைமை ஆசிரியை என்று நானும் அந்த அறையில் நின்றேன்.

"உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கும்மா. இது யார் எழுத்துன்னு தெரியுதா? பேரைச் சொல்லுங்க, இன்னைக்கே அந்த ஆளை வெளியே அனுப்பறேன்."

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியும் ஐயா. சொல்ல மாட்டேன். நான் தாளைக் காட்டலன்னு மட்டும் எழுதி வையுங்க."

வெளியே ஜட்கா வண்டி நிற்கும் இடம்வரை உன் பின்னால் வந்தேன். "எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே தெரியும்ட்டி. பக்கத்துல உக்காந்து நோட்டுத் திருத்துனவ எழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்தேன். பிள்ளையோட நீ தெருவுல நிக்கிறதைப் பாக்கணும்னுகூட நெனச்சேன். அந்த நெனப்போட கோயில்ல திருவிருந்து வாங்க எழும்பிப் போக முடியல. ரெண்டு வருஷம் கடைசி வரிசையிலேயே உக்காந்திருந்தேன். அப்புறம் விட்டுட்டேன். லேசா விடலட்டி."

அப்போது நான் உன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "வெயில் ஏறுது, கிளம்பு" என்றேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். ஜட்காக்காரன் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் ஏறினாய்.

அதற்குப் பிறகும் நீ பழத்தோடு வந்தாய். ஒவ்வொரு முறையும், அடுத்த முறை அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் மூன்றே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லி வேலையை விட்டேன். அங்கிருந்து நேரே அல்வாலுக்குப் போய் உன் தங்கையிடமும் சொன்னேன். நீ அவளிடம்கூட என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. அவள் எழுந்து கதவில் கை வைத்தாள்.

"எங்கக்கா மன்னிச்சிருப்பா. என்னால முடியல. நக்கோ, வேண்டாம், ஒண்ணும் பேசாதீங்க. போங்க."

அவள் கதவைச் சாத்திய பிறகும் அங்கேயே நின்றேன். நீயும் ஒரு காலத்தில் மன்னிக்க முடியாமல் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறாய். அதைத் திறந்துகொண்டு என் வாசல்வரை வர நீ என்ன பாடு பட்டிருப்பாய் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வந்தவளை உட்கார வைத்து, ஊர்க்கதை பேசி, காப்பி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை.