இடப்பக்கம் சாய்ந்த விளிம்பு

மார்ச் 4
நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது, மறதியும் வராது. ஆனால் கட்டிக்கொண்டவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா? — இதையும் எழுதிவிட்டாள்.

பிரேக் பேடின் இரு முனைகளையும் சாய்வாகத் தேய்ப்பது என் வேலை. சாய்வு சரியில்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி கிறீச்சிடும். இன்று ஒரு பெட்டி அப்படித் திரும்பி வந்துவிட்டது. சாய்வு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல்.

முதலாளி விசாரிக்கவேயில்லை. பக்கத்து மிஷின் வானொலியைப் பார்த்தார். வாய் ஓயாதவன், அதனால் அந்தப் பெயர். "பேச்சுல இருக்கிற கவனம் கையில இல்ல. வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோ."

மார்ச் 5
தூக்கமில்லை. காலையில் பட்டறையில், திரும்பி வந்த பேடைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அகலம் இடப்பக்கம். வானொலி வலது கைக்காரன். அவன் தேய்த்தால் வலப்பக்கம்தான் சாயும். அங்கே இடது கைக்காரன் நான் ஒருவன்தான்.

கை நடுங்குவது இவளுக்குத் தெரியும். தம்ளர் காட்டிக்கொடுத்துவிட்டது. பேடைச் சரிபார்த்து முத்திரை குத்துகிறவள் எங்கள் மகள். அவளும் அதைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கீழே வைத்தாள்.

சொல்லிவிடுவாளோ?

மார்ச் 6
வானொலி சாப்பாட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகள் அவனுக்கு. நான் மிஷினைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன். வாயைத் திறந்தால் — திறக்கவில்லை. என்ன மனுஷன் நான்?

மகள்தான் முதலாளி முன்னால் போய் நின்றாள். "இது எங்கப்பா தேய்ச்சது. அப்பா தேய்ச்சதுதானேன்னு அளக்காம முத்திரை குத்தினது நான்."

அத்தனை பேருக்கு முன்னால். பெத்த பொண்ணு.

மார்ச் 7
வீட்டில் பேச்சில்லை. இவள்தான் நடுவில் தூது. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பாம்.

மார்ச் 9
மகளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். என்னைப் பெட்டி கட்டும் மேசைக்கு மாற்றினார்கள். என் மிஷினில் வானொலி. பேடை வைத்துப் பிடிக்கும் தகடு என் கைக்கேற்ப இடப்பக்கம் மாட்டியது; அவனுக்கு ஒத்துவரவில்லை. காலை முழுக்க வாயே திறக்காமல் அதோடு மல்லாடினான். அவன் பேசாமலிருந்து நான் பார்த்ததேயில்லை.

பொறுக்காமல் போனேன். "நகருடா" என்றேன். தகட்டைக் கழற்றி வலப்பக்கம் வைத்தேன். கை ஆடிய ஆட்டத்தில் ஸ்பேனர் நட்டில் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"இப்பத் திருப்புங்கப்பா."

திருப்பினேன்.